சுவருக்குள் ஒரு மாடம்

பழைய வீட்டின் நடு அறைச் சுவரில் ஒரே இடம் மட்டும் திரும்பத் திரும்ப ஊதி உதிர்ந்தது. இரண்டு முறை சிமெண்ட் பூசியும் நிற்கவில்லை. மூன்றாவது முறை நானே உளியை எடுத்து மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் சத்தம் மாறியது.

நான்கு செங்கலை எடுத்ததும் ஒரு மாடம். உள்ளே துருப்பிடித்த தகரப் பெட்டி. அதில் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கடிதங்கள், கயிறு சுற்றியபடியே இருந்த ஒரு பம்பரம். யாரோ விளையாடப் போகிற நேரத்தில் வைத்தது போல இருந்தது.

கடிதங்களை உடனே பிரிக்கக் கை பரபரத்தது. நல்லவேளை, பிரிக்கவில்லை. ஈரத் தாளை இழுத்தால் கிழியும். வெயிலில் வைத்தால் சுருண்டு மை வெளிறிவிடும். மை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவில், நிழலில் வைத்து, அந்தத் தாள்களைத் தினமும் மாற்றினேன். ஐந்தாம் நாளில், முதல் மடிப்பு தானாக விலகியது.

சரி, சுவருக்கு வருகிறேன். அது சுண்ணாம்புக் காரையால் கட்டியது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரமும் உப்பும்தான் பூச்சைத் தள்ளியிருக்கின்றன. வெளியே ஒழுகிய மழைநீர்க் குழாயை மாற்றினேன். அப்புறம் சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புக் கலவையை மெல்லிய பூச்சுகளாகப் பூசினேன். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும், அவசரம் ஆகாது. இடையிடையே லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

மாடத்தை மூடவில்லை. பம்பரம் அங்கேதான் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்க மனம் வரவில்லை.