கறிக்குழம்புத் தூக்கில் ஒரு கரித்துண்டு

எழுத்தில் மாயம் வேண்டுமென்றால் சுடுகாட்டுக்குப் போக வேண்டாம், வீட்டுப் பெரியவர்கள் எதையெல்லாம் செய்யாதே என்று தடுத்தார்களோ அங்கிருந்து தொடங்குங்கள். இரவில் கறிக்குழம்பு எடுத்துப் போகும்போது தூக்கில் ஏன் ஒரு கரித்துண்டை வைத்தார்கள்? உச்சி வேளையில் புளியமரத்தடிக்கு ஏன் விடவில்லை? அப்பத்தாவிடம் கேளுங்கள், ஆனால் 'பேய் உண்டா' என்று கேட்காதீர்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். எந்த மரத்தில் முனி இருந்தது, யார் பயந்தது, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் ஐயனார் கோயில் மண்குதிரைகள் பக்கத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள், போன் வேண்டாம். எழுதும்போது முனியை விளக்காதீர்கள். கரித்துண்டை மட்டும் எழுதுங்கள், எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் புல்லரிக்கிறது.