சபைப் பொறுப்புக்கு வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவ சபைகளில் புதிதாகப் பொறுப்பேற்ற போதகர்கள், சபையை நடத்தும் மூப்பர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம், எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில் இவர்களும் விழுவதைப் பார்க்கிறேன். காணிக்கையில் கை வைக்காதே, பொய் சொல்லாதே என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்லவர்களே நல்ல எண்ணத்தோடு செய்து சபையைக் கெடுத்துவிடும் காரியங்கள் சில உண்டு. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது

முந்நூறு பேர் வந்த கூட்டம் அறிக்கையில் ஐந்நூறாகிவிடும். 1948-ல் அமெரிக்க நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரஹாமும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் கூடி, ஊழியர்கள் எதில் விழுகிறார்கள் என்று யோசித்தார்கள். பணம், பாலியல் ஒழுக்கம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தே தீர்மானம் எடுத்தார்கள்.

"சாட்சி கெட்டுவிடும்" என்று மூடி மறைப்பது

எனக்குத் தெரிந்த ஒரு சபையில் பொருளாளர் கட்டட நிதியிலிருந்து சொந்தத் தேவைக்குப் பணம் எடுத்திருந்தார். கணக்கு நோட்டில் பென்சிலால் 'கைமாற்று' என்று ஒரே வரி. தேதி இல்லை, கையெழுத்து இல்லை. செயற்குழு கதவைச் சாத்திக்கொண்டு பேசியது. வெளியே தெரிந்தால் சபையின் சாட்சி, அதாவது ஊரார் முன் அதற்குள்ள நற்பெயர், கெட்டுவிடும் என்றார் ஒருவர். 'அன்பு திரளான பாவங்களை மூடும்' என்ற வேதாகம வசனமும் வந்தது. தவணையில் கட்டச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த ஞாயிறும் அவர்தான் காணிக்கைப் பையோடு நின்றார்.

அதே குழுதான் சில வாரங்களுக்கு முன்பு, குடித்துவிட்டு வந்த ஒரு வாலிபனை, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்திலிருந்து நிறுத்தி, ஆராதனையில் அறிவித்தது. பொருளாளர் விஷயம் வெளியே வந்தபோது, பணம் போனது கூட ஜனங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பையனின் அம்மா எழுந்து கேட்டார்: "என் பிள்ளை பெயரை மட்டும் மைக்கில் சொன்னீங்களே, ஐயா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் குடும்பம் அப்புறம் ஆலயப் பக்கமே வரவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அந்த வசனம் விசுவாசிகள் ஒருவரையொருவர் மன்னித்துத் தாங்குவதைப் பற்றியது. பொறுப்பில் இருப்பவரிடம் கணக்குக் கேட்காமல் விட அதில் இடமில்லை. மூப்பர்களைப் பற்றி வேதாகமத்தின் 1 தீமோத்தேயு 5-ம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் குற்றச்சாட்டை ஏற்காதே, பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள், பட்சபாதம் பண்ணாதே. அந்தியோகியா பட்டணத்தில் இயேசுவின் சீடரான பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிடுவதை விட்டு விலகியபோது, அப்போஸ்தலர் பவுல் எல்லார் முன்பாகவும்தான் அவரைக் கேட்டார். அதற்குள் பவுலின் உடன் ஊழியரான பர்னபாவே அந்த மாயத்தில் (வெளிவேஷத்தில்) இழுப்புண்டிருந்தார்.

சரி, என்ன செய்வது? விசாரணை முடியும்வரை குற்றம் சாட்டப்பட்டவரைப் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருக்கச் சொல்லுங்கள். விசாரிப்பவர்களில் ஒருவராவது சபைக்கு வெளியே இருந்து வரட்டும். அவருடைய சொந்தக்காரர் யாரும் வேண்டாம். வதந்தி கிளம்பும் முன் முடிவைச் சபைக்கு நீங்களே சொல்லுங்கள். மனந்திரும்பினால் தாராளமாக மன்னியுங்கள். ஆனால் பெட்டிச் சாவியைத் திரும்பக் கொடுப்பது வேறு விஷயம்.

பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தைக் குழுவில் பேசித் தீர்ப்பது

கூடவே கூடாது. அன்றே காவல்துறையிடம் போங்கள்.

ஆலோசனைக்கு வந்தவர் சொன்னதைப் பிரசங்கத்தில் உதாரணமாக்குவது

பெயரை மாற்றினாலும் வேண்டாம். கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

காணிக்கையைத் தனியாளாக எண்ணுவது

உங்கள் நேர்மையில் சந்தேகமே இல்லாவிட்டாலும் செய்யாதீர்கள். பவுல் காணிக்கைப் பணத்தின் விஷயத்தில் தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்தே அனுப்பினார். ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு என்று 2 கொரிந்தியர் 8-ல் காரணமும் எழுதினார். உறவில்லாத இருவர் எண்ணட்டும், இருவரும் கையெழுத்துப் போடட்டும், போதகர் அந்த அறையில் இருக்க வேண்டாம்.