கல்லின் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

சென்ற வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தான். வெள்ளி மோதிரத் தொழிலுக்குப் புதியவன். கையில் ஒரு சரம் நீலக்கல், 'ஆகாய சாந்தி' என்று அட்டை. அணிந்தால் மனம் அமைதியாகுமாம். என்ன கல் என்று கேட்டேன். அட்டையில் இருந்த பெயரையே திரும்பச் சொன்னான்.

பெயரையே கல்லாக எண்ணுவது

பதினைந்து வருடங்களுக்கு முன் நான் செய்த தவறு இது. நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இதே போன்றதொரு பெயரில், பிரோசா (டர்க்காய்ஸ் எனும் நீலக்கல்) விலைக்குக் கற்கள் வாங்கி, நாற்பது மோதிரங்களில் பதித்து விற்றேன். இரண்டே மாதத்தில் ஓர் அக்கா திரும்ப வந்தார். "தம்பி, பாத்திரம் தேய்த்தால் கல் வெளுக்கிறது" என்று விரலை நீட்டினார். மோதிரம் இருந்த இடத்தில் தோல் நீலம் பாய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக முப்பத்தொரு மோதிரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தேன்.

அது சாயம் ஏற்றிய மேக்னசைட். ஓமலூர் சாலையில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறதே, நம் வெள்ளைக்கல், அதே கனிமம். நுண்துளைகள் உள்ளதால் சாயத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். சேலத்தில் பிறந்தவனுக்கே அது தெரியவில்லை.

வாங்கும்முன் நகச்சாயம் அகற்றும் அசிட்டோனில் பஞ்சை நனைத்துக் கல்லின் அடிப்பக்கம் தேயுங்கள். மணியாக இருந்தால் துளைக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள்; உள்ளே வெளுத்தும் விரிசல்களில் நிறம் திரண்டும் இருந்தால் வாங்காதீர்கள். கனிமத்தின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

புதுப் பெயருக்குப் பழங்கதை கட்டுவது

வணிகப் பெயர் வைப்பதே குற்றமல்ல. டான்சனைட் என்பது சோய்சைட் எனும் கனிமத்தின் நீல நிற வகை. 1967இல் டான்சானியாவில் கிடைத்தது, 1968இல் டிஃபனி என்ற அமெரிக்க நகை நிறுவனம் அந்தப் பெயரைச் சூட்டியது. டிசம்பர் மாதக் கல்லாக அமெரிக்க வியாபாரிகள் சேர்த்தது 2002இல். அதை ரிஷிகள் அணிந்ததாக ஏற்காட்டுக்கு வரும் பயணிகளிடம் சொல்லி விற்கிறார்கள். நம்பிக்கையோடு வருபவரிடம் சொல்லும் பொய் அது.

அமெரிக்கன் டயமண்ட்

வைரமல்ல, க்யூபிக் சிர்கோனியா எனும் செயற்கைக் கல்.

ஸ்மோக்கி டோபாஸ்

டோபாஸ் (புஷ்பராகம்) அல்ல, புகை நிறக் குவார்ட்ஸ் எனும் படிகக்கல்.

அந்தத் தம்பியின் சரத்தைத் தேய்த்தேன். பஞ்சு நீலமாக வந்தது. திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள் தவணை இருந்தது. அன்று மாலையே அவனை பஸ் ஏற்றிவிட்டேன்.