வெளிநாட்டில் விளம்பரத்துக்கு வராத கலை வேலைகளைப் பிடிப்பது எப்படி?

படிக்கப் போன நாட்டில் கலை வேலை தேடுகிறீர்களா? முதலில் விசா. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைத்த வாய்ப்பே வினையாகிவிடும். ஜப்பானில் மாணவர்கள் தனி அனுமதி வாங்கிய பிறகே வாரம் 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். மணிக்கணக்கு எல்லோருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வது ‘சுயதொழில்’ என்ற சொல்லில்தான். பிரிட்டன் மாணவர் விசாவில் அது கூடவே கூடாது, மேடைக் கலைஞராக வேலை செய்யவும் தடை. ஜெர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகம் அனுமதித்தால் சுயதொழில் செய்யலாம். பில் போட்டுப் பணம் வாங்கும் குரல்பதிவு, மொழிபெயர்ப்பு, புகைப்படம் எல்லாமே சுயதொழிலில் அடங்கும். சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை வேலைதான் என்று சில நாடுகள் கணக்கிடும். கல்லூரியின் சர்வதேச மாணவர் பிரிவில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது, எங்கே தேடுவது? உங்கள் முகமும் உச்சரிப்பும் தாய்மொழியும் எங்கே அரிதோ அங்கே. திரைப்படக் கல்லூரி மாணவர்களின் குறும்படங்கள், சமூக வானொலி, அருங்காட்சியக ஒலி வழிகாட்டிகள், வீடியோ கேம் மொழிபெயர்ப்பு ஆகியவை நல்ல இடங்கள். அந்த ஊர் மொழியிலேயே தேடுங்கள். ஆங்கிலத்தில் தேடினால் எல்லா வெளிநாட்டவரும் மொய்க்கும் அதே நாலு அறிவிப்புகள்தான் வரும். ஆனால் பல வேலைகள் அறிவிப்பாகவே வருவதில்லை, தெரிந்தவரிடம் கேட்டே முடிந்துவிடும். ஆகவே பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே ஓப்பன் மைக்குக்கோ (யார் வேண்டுமானாலும் மேடையேறும் நிகழ்ச்சி) வானொலி நிலையத்துக்கோ நாலு வாரம் தொடர்ந்து போங்கள். நாற்காலி அடுக்கவும் கேபிள் சுருட்டவும் கை கொடுங்கள். மேடையில் அசத்தியவரைவிட கேபிள் சுருட்டியவரின் எண்தான் ஒருங்கிணைப்பாளரின் போனில் இருக்கும்.

கேட்ட அன்றே அனுப்ப உங்கள் வேலையின் மாதிரி ஒன்று கையில் வேண்டும். குரல் என்றால் 60 முதல் 90 விநாடி: ஒரு செய்தி, ஒரு விளம்பரம், ஒரு உரையாடல். பதிவு மென்பொருளில் மோனோ (ஒற்றைத் தடம்), டபிள்யூஏவி (WAV) கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாயை நேராகக் காட்டாமல் கொஞ்சம் சாய்வாகப் பேசினால் ‘ப’ வெடிக்காது. மென்பொருளின் ஒலி அளவுகோலில் உச்சம் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். அளவுகோலின் மேல் எல்லையான பூஜ்யத்தில் முட்டிய ஒலி உடைந்துவிடும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. காலி அறையில் எதிரொலி நிச்சயம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன் பேசுங்கள், ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு. (பிறகு போட மறக்காதீர்கள்.) சப்டைட்டில் என்றால் இரண்டு நிமிடக் காட்சி போதும். அளவுக்கு நெட்ஃபிளிக்ஸைப் பாருங்கள்: ஆங்கிலத்துக்கு வரிக்கு 42 எழுத்து, ஒரு சப்டைட்டிலுக்கு இரண்டு வரி, திரையில் 7 விநாடி என்று எல்லை வைத்திருக்கிறது.

பெயர்ப் பதிவுக் கட்டணம் கேட்கும் நடிகர் ஏஜென்சியை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில் எந்த ஊடகம், எந்த நாடு, எத்தனை ஆண்டு என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘எல்லா ஊடகத்திலும், என்றென்றும்’ என்றிருந்தால் தொகையைப் பல மடங்கு உயர்த்திக் கேளுங்கள். செயற்கைக் குரல் உருவாக்க உங்கள் பதிவைப் பயன்படுத்துவதில்லை என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். சம்பளமில்லாத மாணவர் படத்தில் உங்கள் காட்சித் துண்டுதான் கூலி. அதை எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்று படப்பிடிப்புக்கு முன்பே எழுதி வாங்குங்கள். படம் முடிந்ததும் குழு கலைந்துவிடும், ஹார்ட் டிஸ்க் யாரிடம் என்றே தெரியாது.