விதைநெல் வாங்குமுன் நினைவை விசாரிக்கும் முறை

மாரிமழையை நம்பிய நெற்செய்கையான பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டம் முடிந்து விதைப்புத் திகதி அறிவிக்கப்பட்டதும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள எங்கள் படுவான்கரை வட்டைகளில் (வயல்வெளிகளில்) எழும் முதற் கேள்வி, இம்முறை எந்த இனத்தை விதைப்பது என்பதே. கணக்குப் பார்த்துப் பதில் சொல்வதாக நினைக்கிறோம். பெரும்பாலும் நினைவுதான் பதில் சொல்கிறது. அதைத் தள்ளிவிடத் தேவையில்லை, ஆனால் காசைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை விசாரிக்க வேண்டும்.

ஒரு மூடையின்மேல் மனம் சாய்ந்தவுடன், அந்தச் சாய்வு எந்தச் சம்பவத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் விஞ்ஞானி டஃப்னா ஷோஹாமியும் எலியட் விம்மரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், பங்குபற்றியோருக்கு முதலில் படங்கள் சோடி சோடியாகக் காட்டப்பட்டன. பின்னர் சில சோடிகளின் இரண்டாவது படத்துக்கு மட்டும் பணப்பரிசு கிடைத்தது. இறுதியில், பரிசே பெற்றிராத முதற் படங்களுக்குள் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னபோது, பரிசு பெற்ற படத்தோடு முன்பு சேர்ந்திருந்ததன் பக்கமே அவர்கள் சாய்ந்தார்கள். நினைவுகளைக் கோர்க்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியின் செயற்பாட்டைக் கொண்டே அந்தச் சாய்வை எதிர்வுகூற முடிந்தது.

இதை நான் விதைநெற் கடையிலேயே கண்டிருக்கிறேன். தான் ஒருநாளும் விதைத்திராத ஓர் இனத்தை அப்பா ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பி, பதரை ஊதிவிட்டு, “இது நல்லா விளையும் மனே” என்றார். காரணம் கேட்டபோது, அதே கடைக்காரரிடம் முன்பு வாங்கிய வேறோர் இனம் தந்த விளைச்சலைப் பற்றியே சொன்னார். விளைந்தது இந்த நெல்லா, நினைவில் இதோடு ஒட்டிக்கிடக்கும் வேறொன்றா என்பதைப் பிரித்துக் கேட்பதுதான் விசாரணையின் பெரும்பகுதி.

அடுத்து, போகத்தின் முடிவு முழுப் போகத்தையும் மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். உளவியலாளர் டானியல் கானமனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட பரிசோதனையில், 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 செக்கன் கைவைத்தவர்கள், இன்னொரு முறை அதே 60 செக்கனோடு, நீர் மெல்ல ஒரு பாகை சூடேறிய மேலும் 30 செக்கனையும் தாங்கினார்கள். திரும்பச் செய்ய எது விருப்பம் என்றபோது, பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததே காரணம். 2011 ஜனவரி வெள்ளத்தில் கதிர் முற்றிய வயலை இழந்த என் மாமா, அந்த இனத்தைப் பிறகு தொடவேயில்லை. எதை விதைத்திருந்தாலும் அந்தத் தண்ணீர் அழித்திருக்கும்.

ஆகவே ஒரு கொப்பி வையுங்கள். விதைக்கும் நாளிலேயே இனம், வாங்கிய இடம், தெரிவுசெய்த காரணம், ஏக்கருக்கு எதிர்பார்க்கும் மூடை ஆகியவற்றை எழுதுங்கள். அறுவடைக்குப் பின் எழுதினால், விளைந்ததற்கேற்பக் காரணமும் மாறிவிடும். அறக்கொட்டியான் பூச்சி விழுந்த நாள், வாய்க்காலில் தண்ணீர் பிந்திய நாள், மழையில் கதிர் சாய்ந்த நாள் எல்லாவற்றையும் அன்றன்றே குறியுங்கள்.

கடை வாசலில் தயங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம். ஷோஹாமியின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், தின்பண்டம் ஒன்றைத் தெரிவுசெய்ய நேரமெடுத்தபோது ஹிப்போகாம்பஸ் கூடுதலாக இயங்கியது. நினைவு தேடும் அந்த நேரத்தில் கொப்பியைத் திறந்து வாசியுங்கள். அதை வயற் குடிசையான வாடியில் விட்டுவிடாதீர்கள், மழை நனைக்கும்; வீட்டில் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.