‘ஸ்பிளாஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பொருளறிந்து பயன்படுத்தும் முறை

நீர்மங்கள் சிதறுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் பல வினைகள் இருந்தாலும், வீட்டுப் பேச்சு, செய்தித் தலைப்பு, சமையல் குறிப்பு, கைப்பேசி அட்டைப்பெட்டி என எல்லா இடங்களிலும் காணப்படும் சொல் ‘ஸ்பிளாஷ்’ ஆகும். இதற்குத் ‘தெளி’ என்ற ஒரே பொருளை மனப்பாடம் செய்துகொண்டவர்கள், ஆங்கிலத்தில் எழுதும்போது தூவ வேண்டிய இடத்திலும் ஊற்ற வேண்டிய இடத்திலும் இதையே போட்டுவிடுகிறார்கள். சொல்லின் அடிப்படையை ஒருமுறை சரியாகப் பிடித்துக்கொண்டால் அதன் பிற பொருள்கள் பெரும்பாலும் தாமாகவே விளங்கும் என்பதால், அங்கிருந்தே தொடங்குவது நல்லது.

‘ஸ்பிளாஷ்’ என்பதன் அடிப்படை மோதல். ஒரு பொருள் நீரின் மேல் விழுந்தாலோ, நீர் ஒரு பொருளின் மேல் வேகமாகப் பட்டாலோ, அந்த மோதலால் துளிகள் எழும்பிச் சிதறுவதே இச்சொல்லின் பொருள். பெரும்பாலும் அதனுடன் ஓசையும் சேர்ந்திருக்கும். மோதல் இல்லாத இடத்தில் இச்சொல்லுக்கு வேலை இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவது ‘ஸ்பிளாஷ்’ ஆகாது. காற்றோடு சாய்ந்து திண்ணைக்குள் வரும் மழைச்சாரலும் ஆகாது. ஆனால் அதே மழையின் பெருந்துளிகள் முற்றத்துத் தரையில் அறைந்து, கணுக்கால் உயரத்துக்கு எகிறி வேட்டியின் கரையை நனைத்தால், அந்த எகிறலுக்கு இதுதான் சரியான சொல். காப்பி டம்ளர் கவிழ்ந்து மேசையில் பரவுவதற்கு ‘ஸ்பில்’ என்பார்கள். அது கவிழ்ந்த வேகத்தில் எதிரே அமர்ந்திருப்பவரின் சட்டையில் நாலு துளி பட்டால், அந்தத் துளிகளுக்கு ‘ஸ்பிளாஷ்’ என்பார்கள். ஒரே விபத்தை இரு வினைகளும் இரண்டு பக்கங்களிலிருந்து சொல்கின்றன.

தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தானாக நடப்பதற்குத் ‘தெறித்தல்’ என்றும், ஒருவர் வேண்டுமென்று செய்வதற்குத் ‘தெளித்தல்’ என்றும் நாம் தனித்தனி வினைகளைக் கையாள்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை போதும். ‘வாட்டர் ஸ்பிளாஷ்ட் ஆன் தி ஃப்ளோர்’ என்றால் தண்ணீர் தரையில் தெறித்தது. ‘ஷி ஸ்பிளாஷ்ட் வாட்டர் ஆன் ஹெர் ஃபேஸ்’ என்றால் அவள் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். வினை மாறவில்லை, எழுவாய் நீரா ஆளா என்பதைப் பார்த்துத்தான் பொருளை அறிகிறோம். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது ‘தானாக நடந்ததா, செய்யப்பட்டதா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘துளி எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாகப் போனது’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சரியான வினையைத் தேர்ந்தெடுக்க இதைவிட உதவும் கேள்வி வேறில்லை என்பது என் துணிபு.

வாசல் தெளிப்பதை எடுத்துக்கொள்வோம். வாளியிலிருந்து உள்ளங்கையில் நீரை அள்ளி, மணிக்கட்டைச் சுழற்றி, புழுதி அடங்கும்படி தரை முழுவதும் பரவலாக வீசுவதற்கு ‘ஸ்பிரிங்கிள்’ என்ற வினையே பொருந்தும். சிறு துளிகள் பரவலாக விழுவதை அது காட்டுகிறது. கோலமிட நேரமாகிவிட்டதென்று குவளை நீரை அப்படியே விசிறி அடித்தால், அது ‘சளப்’பென்று தரையில் மோதும் என்பதால், ‘ஸ்பிளாஷ்’ என்று சொல்வதே பொருத்தம். நமக்கு இரண்டுமே வாசல் தெளிப்புதான். ஆனால் ஆங்கிலம் படிப்பவரின் மனத்தில் முதல் சொல் ஒரு காட்சியையும் இரண்டாவது சொல் வேறொரு காட்சியையும் எழுப்பும்.

‘ஸ்பிரிங்கிள்’ உலர்ந்த பொருளுக்கும் வரும். உப்பு, சர்க்கரை, மிளகுத்தூள், கொத்தமல்லித் தழை எல்லாவற்றையும் அவ்வாறு தூவலாம். ‘ஸ்பிளாஷ்’ அப்படி வராது. நீரோ, நீர்த்தன்மை உள்ள சேறு, சாயம் போன்றவையோ இருந்தால்தான் அது நிற்கும். குழாய் வாய் வழியே அழுத்தத்துடன் வெளிவரும் நுண்துளிகளுக்கு ‘ஸ்ப்ரே’ என்ற சொல் இருக்கிறது. வாசனைத் திரவியமும் பயிருக்கு அடிக்கும் மருந்தும் அதில் அடங்கும். ஒற்றைத் தாரையாகப் பீய்ச்சுவது ‘ஸ்குவர்ட்’. தாளிக்கும்போது எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறித்துச் சுவரில் புள்ளி விழுவதற்கு ‘ஸ்பாட்டர்’ என்பது மிகத் துல்லியமான சொல். ஆனால் கொதிக்கும் எண்ணெயில் ஈரமான வடையைத் தொப்பென்று போட்டு, அது எகிறிக் கையைச் சுட்டால் அங்கே ‘ஸ்பிளாஷ்’ வந்துவிடும். பேருந்தில் மடியில் வைத்த குடத்து நீர் வெளியே சிதறாமல் உள்ளுக்குள்ளேயே அலைமோதுவதைத் தளும்புதல் என்கிறோமே, அதற்கு ‘ஸ்லாஷ்’ (slosh) என்று ஒரு தனிச்சொல் உண்டு. ஒலிப்பு நெருக்கமாக இருப்பதால் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி வாக்கிய அமைப்பு. இதில்தான் பிழைகள் அதிகம் நேர்கின்றன. எனவே இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ‘ஸ்பிளாஷ்’ என்ற வினையை இரண்டு வழிகளில் அமைக்கலாம். நீரைச் செயப்படுபொருளாக வைத்து ‘ஸ்பிளாஷ் வாட்டர் ஆன் யுவர் ஃபேஸ்’ என்று எழுதலாம். நனையும் இடத்தைச் செயப்படுபொருளாக வைத்து ‘ஸ்பிளாஷ் யுவர் ஃபேஸ் வித் வாட்டர்’ என்றும் எழுதலாம். இரண்டும் சரியானவை. முதல் அமைப்பில் கவனம் நீரின் மேல் இருக்கிறது. நாலு துளி பட்டாலும் போதும். இரண்டாவது அமைப்பில் கவனம் முகத்தின் மேல் இருக்கிறது. முகம் நன்றாக நனைந்தது என்ற எண்ணத்தை அது தருகிறது. ‘ஸ்ப்ரே’, ‘ஸ்பிரிங்கிள்’ ஆகிய வினைகளும் இவ்வாறு இரு வழியிலும் அமையும்.

‘ஸ்பில்’, ஊற்றுவதைக் குறிக்கும் ‘போர்’ ஆகிய வினைகள் அப்படி அமையா. ‘ஐ ஸ்பில்ட் காஃபி ஆன் மை ஷர்ட்’ என்பது சரி. ‘ஐ ஸ்பில்ட் மை ஷர்ட் வித் காஃபி’ என்பது பிழை. செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன் என்பதை ‘ஐ போர்ட் தி பிளான்ட்ஸ் வித் வாட்டர்’ என்று எழுதுவதும் இதே வகைப் பிழைதான். அங்கே ‘வாட்டர்’ என்ற சொல்லையே வினையாக்கி ‘ஐ வாட்டர்ட் தி பிளான்ட்ஸ்’ என்பதே ஆங்கில மரபு.

இவ்வினையோடு சேரும் முன்னிடைச் சொற்களையும் கவனிக்க வேண்டும். ‘ஆன்’ என்றால் மேலே பட்டது என்று மட்டும் பொருள். ‘ஓவர்’ என்றால் பரவலாக நனைந்தது என்று பொருள். தேங்கிய நீரில் சளக் சளக்கென்று மிதித்து நடப்பதை ‘ஸ்பிளாஷ் த்ரூ’ என்றும், குழந்தைகள் ஆற்றிலோ குளத்திலோ கையையும் காலையும் அடித்து விளையாடுவதை ‘ஸ்பிளாஷ் அரவுண்ட்’ அல்லது ‘ஸ்பிளாஷ் அபவுட்’ என்றும் சொல்வார்கள். பின்னது பிரிட்டிஷ் வழக்கு. சாலையோரம் நிற்பவர் மேல் பேருந்து சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனால், ‘தி பஸ் ஸ்பிளாஷ்ட் மட் ஆல் ஓவர் மீ’ என்ற வாக்கியம் நடந்ததை முழுமையாகச் சொல்லிவிடும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது ஓசைக்கு முதலிடம் கிடைக்கிறது. ‘வித் எ ஸ்பிளாஷ்’ என்று கதைகளில் வந்தால், அதைத் ‘தெறிப்புடன்’ என்று மொழிபெயர்ப்பது உயிரற்றுப் போகும். கிணற்றில் விழுந்தது கல்லானால் ‘தொபுக்கென்று’, ஆளானால் ‘தொபுக்கடீரென்று’, மீன் வாலை அடித்ததானால் ‘சளப்பென்று’ எனத் தமிழில் அந்த அந்த ஓசைக்கு ஒலிக்குறிப்புகள் ஆயத்தமாக இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு.

சமையல் குறிப்புகளில் ‘எ ஸ்பிளாஷ் ஆஃப் வினிகர்’ என்று வந்தால் அது சிறிதளவைக் குறிக்கும். புட்டியை ஒருமுறை சாய்த்து உடனே நிமிர்த்தினால் விழும் அளவென்று கொள்ளலாம். அதற்குத் துல்லியமான அளவை இல்லை. சொல்லில் வேகம் இருப்பதால் நிறைய ஊற்ற வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ‘எ ஸ்பிளாஷ் ஆஃப் கலர்’ என்பதும் அப்படித்தான். வெளிர்நிற அறையில் ஒரே ஒரு சிவப்பு மெத்தை கண்ணைப் பறித்தால் அதைச் சொல்ல இத்தொடர் உதவும்.

பிரிட்டனின் செய்தித்தாள் அலுவலகங்களில் முதல் பக்கத்தின் தலைமைச் செய்திக்கே ‘ஸ்பிளாஷ்’ என்று பெயர். ஒரு செய்தியைப் பெரிய எழுத்தில் பக்கம் நிறையப் போடுவதை ‘ஸ்பிளாஷ்ட் அக்ராஸ் தி ஃப்ரண்ட் பேஜ்’ என்று எழுதுவார்கள். ஒருவர் புதிதாக ஒரு துறையில் நுழைந்து எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி செய்தால், ‘மேக் எ ஸ்பிளாஷ்’ என்ற தொடர் வரும். ‘ஸ்பிளாஷ் அவுட்’ என்பது பணம் சம்பந்தப்பட்டது. இதுவும் பிரிட்டிஷ் வழக்கே. பணத்தை ‘வாரி இறைத்தல்’ என்று தமிழிலும் சொல்கிறோம் என்றாலும், நம் தொடரில் பெரும்பாலும் ஊதாரித்தனத்தின் மீதான கண்டனம் இருக்கிறது. ஆங்கிலத் தொடரில் கண்டனம் அவ்வளவாக இல்லை. திருமண நாளுக்கென்று வழக்கத்தைவிட விலை கூடிய புடவை ஒன்றை மகிழ்ச்சியோடு வாங்குவதும் அதில் அடங்கும்.

விண்வெளிச் செய்திகளில் ‘ஸ்பிளாஷ்டவுன்’ அடிக்கடி வருகிறது. விண்கலம் பாராசூட் உதவியுடன் கடலில் வந்து இறங்குவது இதன் பொருள். பெயராக வரும்போது ஒரே சொல்லாகவும், வினையாக வரும்போது ‘ஸ்பிளாஷ் டவுன்’ என்று பிரித்தும் எழுத வேண்டும். 1969 ஜூலை 24 அன்று அப்பல்லோ 11 பசிபிக் பெருங்கடலில் இறங்கியதும், 2007 ஜனவரி 22 அன்று இஸ்ரோவின் எஸ்ஆர்இ-1 கலம் வங்கக் கடலில் இறங்கியதும், 2025 மார்ச் 18 அன்று சுனிதா வில்லியம்ஸ் வந்த கலம் அமெரிக்காவின் புளோரிடா கடற்பகுதியில் இறங்கியதும் இச்சொல்லுக்கு உரியவை. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா திரும்பி வந்த சோயுஸ் கலம் கஜகஸ்தானில் தரையில் இறங்கியது. அதற்கு இச்சொல்லைப் பயன்படுத்தினால் பிழை. 2025 ஜூலை 15 அன்று சுபான்ஷு சுக்லா கலிபோர்னியக் கடற்கரைக்கு அப்பால் கடலில் இறங்கினார் என்பதால் அவருக்கு அது பொருந்தும். செய்தி எழுதுபவர்கள் இறங்கிய இடம் நீரா நிலமா என்று பார்த்த பிறகே இச்சொல்லைத் தொட வேண்டும்.

பொருள் புரியாவிட்டால் பணமும் உடல்நலமும் பாதிக்கப்படும் இடங்களும் உண்டு. கைக்கடிகாரம், ஒலிபெருக்கி, காதில் பொருத்திக் கேட்கும் கருவி ஆகியவற்றின் பெட்டியில் ‘ஸ்பிளாஷ் ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருந்தால், அதன் மேல் நீர் தெறித்தால் கெடாது என்று மட்டுமே பொருள். நீரில் மூழ்கலாம் என்று பொருள் இல்லை. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529 எண் கொண்ட தரநிலையில் ஐபிஎக்ஸ்4 என்ற குறியீடு எந்தத் திசையிலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தாங்குவது ஐபிஎக்ஸ்7 ஆகும். நீச்சலுக்குப் போகும்போது அணியலாம் என்று நம்பி முதல் வகையை வாங்குபவர் ஏமாந்துபோவார். வேதியியல் ஆய்வகங்களிலும் இவ்வேறுபாடு முக்கியமானது: ‘சேஃப்டி கிளாஸஸ்’ என்ற சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பக்கங்களில் இடைவெளி இருக்கும், ‘ஸ்பிளாஷ் காகிள்ஸ்’ முகத்தோடு ஒட்டிப் படிந்து, அமிலத் துளி எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் கண்ணைக் காக்கும். அறிவிப்புப் பலகையில் இரண்டாவது சொல் இருந்தால் முதல் வகையை அணிந்துகொண்டு உள்ளே செல்லக் கூடாது. செயலியைத் திறந்ததும் ஓரிரு நொடி தோன்றும் நிறுவனச் சின்னத் திரையை ‘ஸ்பிளாஷ் ஸ்கிரீன்’ என்பது கணினித் துறை வழக்கு. அதில் நீருக்கு இடமில்லை.

கடைசியாக ஒலிப்பு. சொல்லின் தொடக்கத்தில் மூன்று மெய்கள் இடையில் உயிரின்றி அடுத்தடுத்து வருவதால், நம் நாக்கு முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘இஸ்பிளாஷ்’ என்று சொல்ல முனைகிறது. ‘ஸ்ஸ்’ என்ற காற்றொலியைச் சற்று நீட்டி, நிறுத்தாமல் ‘ப்ளாஷ்’ என்று சேர்த்துச் சொல்லிப் பழகினால் அந்த இகரம் விலகிவிடும். தமிழில் ‘ளா’ என்று எழுதினாலும் அது நெட்டுயிர் ஆகாரம் அல்ல. ‘பேங்க்’ என்று நாம் எழுதும் சொல்லின் ஆங்கில ஒலிப்பில் வரும், ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடைப்பட்ட உயிரே இங்கும் வருகிறது. இறந்தகாலத்தில் ‘ஸ்பிளாஷெட்’ என்று அசையைக் கூட்டாமல், ‘ஸ்பிளாஷ்ட்’ என்று ஓரசையாகவே முடிக்க வேண்டும். ‘ஸ்பிளாஷஸ்’ என்ற வடிவத்திலோ ஓர் அசை கூடும். எழுத்திலும் அங்கே எஸ் என்ற எழுத்துக்கு முன் இ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும்.