சின்ன கன்சல்டன்சி நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ ஆலோசனைத் தொழில் நடத்துகிறவர்கள் வேலை தெரியாமல் நஷ்டப்படுவது குறைவு. வேலை தெரிந்ததால்தான் இதற்கே வந்தோம். பணம் போவதும் தூக்கம் போவதும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: முதல் வாரத்திலேயே பேசியிருக்க வேண்டியதை, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று சங்கடப்பட்டுத் தள்ளிப்போட்டது. இங்கே எழுதுவதில் பாதி நானே செய்தது, மீதி நெருங்கிய நண்பர்கள் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தது.

முதலில் கட்டணம். வேலையை விட்டு வந்த புதிதில் நம்மில் பலர் போடும் கணக்கு இது: வாரத்துக்கு 5 நாள், 52 வாரம், மொத்தம் 260 நாள், பழைய வருடச் சம்பளத்தை 260-ஆல் வகுத்தால் ஒரு நாள் கட்டணம். நானும் அப்படித்தான் போட்டேன். அந்த 260-இல் விடுமுறைக்கும் உடம்பு சரியில்லாத நாட்களுக்கும் 30 போனால் 230. கிளையன்ட் தேடுவது, புரோபோசல் (என்ன செய்வோம், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது) எழுதுவது, எழுதியதில் பாதி கிடைக்காமல் போவது, கணக்கு வழக்கு, வரி, புதிதாகப் படிப்பது, இதற்கெல்லாம் யாரும் காசு தர மாட்டார்கள். இதற்கு நூற்றுக்கு 40 நாள் போகிறது என்று வைத்தால் காசு வரும் நாட்கள் 138 தான் மிஞ்சும். அதாவது 260-ஆல் வகுத்தவர் தனக்கு வர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் கேட்கிறார். முன்பு கம்பெனி கட்டிக்கொண்டிருந்த காப்பீடு, கணினி, மென்பொருள் செலவெல்லாம் இதில் சேரவே இல்லை.

தள்ளுபடியும் இதே கதைதான். 100 கேட்ட இடத்தில் 80-க்கு ஒத்துக்கொண்டால் 20 தானே போகிறது என்று தோன்றும். ஆனால் அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு 50 செலவு என்றால் லாபம் 50-இலிருந்து 30-க்கு வந்துவிட்டது, நூற்றுக்கு 40 போய்விட்டது. விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். இரண்டு பயிற்சி வகுப்பில் ஒன்றை எடுத்துவிடலாம், அறிக்கையைச் சுருக்கலாம். வேலை அப்படியே இருக்க விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார், அடுத்த முறையும் அங்கிருந்துதான் பேரம் ஆரம்பிக்கும்.

எனக்கு மிகவும் நஷ்டம் வைத்த தவறு ஒரே ஒரு வரி. ஒரு புரோபோசலின் கடைசிப் பக்கத்தில், பணிவாக இருக்கட்டுமே என்று, "அறிக்கை அளித்த பிறகு தேவையான ஆதரவு வழங்கப்படும்" என்று எழுதினேன். எவ்வளவு நாள், எந்த விஷயத்தில், யாருக்கு என்று எதுவும் இல்லை. அறிக்கை கொடுத்த அடுத்த வாரம் ஒரு போன் வந்தது, சின்ன விஷயம்தான், ஒரு அட்டவணையை மாற்றித் தர முடியுமா என்று. மாற்றினேன். அப்புறம் இன்னொரு துறைக்காரர் தன் பிரிவுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார். அப்புறம் அவர்களுடைய மாதாந்திர மீட்டிங்கில் கொஞ்ச நேரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். கேட்டவர்கள் யாரும் ஏமாற்றவில்லை, நான் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டார்கள். 7 மாதம் ஓடிய பிறகு டைரியைப் புரட்டி எண்ணிப் பார்த்தால், காசு வாங்கிச் செய்த நாட்களைவிட சும்மா செய்த நாட்கள் அதிகம்.

இப்போது அதே இடத்தில் எழுதுவது: "அறிக்கை அளித்த 30 நாட்களுக்குள், அறிக்கையில் உள்ளவை குறித்த விளக்கங்களுக்கு, அதிகபட்சம் 6 மணி நேரம்." அதற்குக் கீழேயே இந்த வேலையில் சேராதவை என்று நான்கைந்து வரி. செய்யப்போவதை எல்லோரும் எழுதுகிறோம், செய்யப்போவதில்லை என்பதை எழுதத்தான் கை வருவதில்லை. கூடுதலாக ஏதாவது கேட்டால் மறுக்க வேண்டிய அவசியமே இல்லை, "செய்யலாம், இதற்கு இத்தனை நாள் ஆகும், இவ்வளவு கட்டணம், தொடங்கலாமா" என்று அன்றைக்கே ஒரு மெயில் போதும். கேட்டதில் முக்கால்வாசி அப்போதே தேவையில்லாமல் போய்விடும், உண்மையிலேயே தேவைப்பட்டதற்குக் காசு வரும்.

எத்தனை நாள் ஆகும் என்று சொல்வதிலும் நாம் எல்லோரும் குறைத்தே சொல்கிறோம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைப் பற்றி எழுதினார்கள்: முன்பு எத்தனை முறை தாமதமாகியிருந்தாலும், இந்த வேலை மட்டும் தடையில்லாமல் நடக்கும் என்றே மனம் கணக்குப் போடும். அனுபவம் கூடினாலும் இது தானாகச் சரியாவதில்லை. என் விஷயத்தில் உதவியது ஒரு நோட்டுதான். சொன்ன நாள் ஒரு பக்கம், ஆன நாள் மறுபக்கம். அறிக்கை எழுத 4 நாள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் 7 ஆகியிருக்கிறது. இப்போது 7 என்றே சொல்கிறேன்.

சரி, வேலை முடிந்தது, இன்வாய்ஸ் அனுப்பியாயிற்று. 30 நாளில் பணம் வரும் என்று நம்பிக் காத்திருப்பது அடுத்த தவறு. ஒருமுறை 28-ஆவது நாள் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, பர்ச்சேஸ் ஆர்டர் (வேலைக்கு அவர்கள் தரும் கொள்முதல் ஆணை) எண் போடாததால் அந்த இன்வாய்ஸ் கணக்குப் பிரிவில் ஏறவே இல்லை என்று. திருத்தி அனுப்பினேன், 30 நாள் அன்றைக்குப் புதிதாக ஆரம்பித்தது. அந்த மாதம் வாடகைக்குக் கடன் வாங்கினேன். நமக்கு வேலை தருகிறவர் வேறு, பணம் தருகிறவர் வேறு. வேலை தொடங்கும் முன்பே கணக்குப் பிரிவில் ஒருவரின் பெயரையும் போன் எண்ணையும் வாங்கி, இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும், சப்ளையர் பதிவு (அவர்கள் கணக்கில் நம் பெயரை ஏற்றுவது) முடிந்ததா, மாதத்தில் எந்தத் தேதியில் பணம் அனுப்புவார்கள், 30 நாள் என்பது எந்த நாளிலிருந்து என்று கேட்டுவிடுங்கள். அனுப்பிய மூன்றாம் நாள் ஒரு போன்: "வந்து சேர்ந்ததா, ஏதாவது விடுபட்டிருக்கிறதா?" இதில் கூச்சப்பட எதுவும் இல்லை, அவர்களுக்கு இது தினசரி வேலை. முன்பணமும் கேளுங்கள், மூன்றில் ஒரு பங்காவது. முன்பணத்துக்கே இரண்டு மாதம் இழுக்கிறவர் கடைசித் தவணைக்கு எப்படி இருப்பார் என்று வேலை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும்.

ஆள் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம் என்பதும் இதனால்தான். ஜனவரியில் செய்த வேலைக்கு ஜனவரி கடைசியில் இன்வாய்ஸ் போட்டால் பணம் மார்ச்சில்தான் கையில் வரும். அதற்குள் புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டு சம்பளம் கொடுத்திருப்போம். காகிதத்தில் லாபம் காட்டிக்கொண்டே வங்கிக் கணக்கு காலியாவது இப்படித்தான். குறைந்தது மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக எடுத்து வைக்க முடிகிறபோது ஆள் எடுங்கள், அதுவரை வேலைக்கு ஏற்ற மாதிரி வெளி ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம். நம்மை நம்பி வந்தவருக்குச் சம்பளத் தேதியில் "இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்வது மிகவும் கஷ்டமானது, அதை யாரும் அனுபவிக்க வேண்டாம்.

புரோபோசலிலேயே முழுத் தீர்வையும் எழுதிக் கொடுக்காதீர்கள். நண்பர் ஒருவர் 18 பக்கத்துக்கு வழிமுறையெல்லாம் விவரமாக எழுதிக் கொடுத்தார், அதை வைத்து அவர்களே செய்துகொண்டார்கள். பிரச்சினையை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எந்த வரிசையில் போவீர்கள், முடிவில் அவர்கள் கையில் என்ன இருக்கும், இவ்வளவு போதும்.

வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையன்டிடமிருந்து வந்தால் அது வசதியாக இருக்கும், பழகிவிடும், வேறு யாரையும் தேடத் தோன்றாது. ஆனால் அங்கே ஒரு மேலாளர் மாறினால் போதும். எனக்கு வந்த நான்கு வரி மெயில், அடுத்த மாதத்திலிருந்து வெளி ஆலோசகர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னது. புது வேலை கிடைக்க 5 மாதம் ஆனது. கை நிறைய வேலை இருக்கும் காலத்திலும் வாரத்தில் அரை நாளைப் புதியவர்களிடம் பேசுவதற்கென்று ஒதுக்கி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எல்லாம் செய்வோம் என்று சொல்லிக்கொள்வதும் இப்படி வேலை இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில்தான். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1893-இல் தனியாக ஆலோசனைத் தொழில் தொடங்கியபோது, தொழிற்கூட நிர்வாகத்தை ஒழுங்குபடுத்துவதும் உற்பத்திச் செலவுக் கணக்கும்தான் தன் துறை என்று முகவரி அட்டையிலேயே போட்டுக்கொண்டார். அதைப் படிப்பவருக்கு எந்தப் பிரச்சினைக்கு இவரைக் கூப்பிடலாம் என்று உடனே தெரியும். "வணிக வளர்ச்சிக்கான முழுமையான தீர்வுகள்" என்று என் பழைய அட்டையில் இருந்ததைப் படித்து யாரும் கூப்பிட்டதில்லை.

கடைசியாக, வேலை முடிந்ததும் அப்படியே தொடர்பு விட்டுப்போவது. முடிகிற வாரத்திலேயே, அவர்கள் மனதில் எல்லாம் புதிதாக இருக்கும்போதே, இரண்டு வரி பரிந்துரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு போன் போட்டு, சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று விசாரியுங்கள். விற்பதற்காக இல்லை, நாம் சொன்னது உண்மையிலேயே வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள வேறு வாய்ப்பு கிடைக்காது. போன வருடம் அப்படிக் கூப்பிட்டபோது நான் பெருமையாக நினைத்த ஒரு பரிந்துரையை அவர்கள் இரண்டே வாரத்தில் கைவிட்டிருந்தது தெரிந்தது. ஏன் என்று கேட்டு, அந்தப் பகுதியை இப்போது வேறு மாதிரி எழுதுகிறேன்.